நான் கையெழுத்துப் போட்ட ஐஸ் பெட்டி

அன்புள்ள நித்யா,

நேற்று போனில் உன்னிடம் ஒரு பொய் சொன்னேன். "அப்பா, நீங்க இருபது வருஷம் இதே வேலையைத்தானே பண்ணீங்க, என் பிளானைப் பார்த்துட்டு ஒரு ரெண்டு பாயிண்ட் சொல்லுங்க" என்று கேட்டாய். "பிரமாதமா இருக்கும்மா, மாத்தறதுக்கு ஒண்ணுமே இல்ல" என்று சொல்லிவிட்டு, குக்கர் விசில் அடிக்கிறது என்று போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அடுப்பில் குக்கரே இல்லை. இதை உன் அம்மா அப்போதே உன்னிடம் சொல்லியிருப்பாள். சனிக்கிழமை நீ வீட்டுக்கு வந்தால் ஊறுகாய், போர்வை, வேலைக்குச் சேரும் முதல் நாள் கட்ட வேண்டிய புடவை என்று அவள் ஆட்சிதான் நடக்கும். எனக்குப் பேச வாய்ப்பு கிடைக்காது. கிடைத்தாலும் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதையெல்லாம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஆகவே எழுதி உன் பெட்டியில் வைத்துவிடுகிறேன். திங்கட்கிழமை தாம்பரத்தில் ரயில் ஏறியபின் படி. செங்கல்பட்டு தாண்டுவதற்குள் முடித்துவிடலாம் என்று பார்க்கிறேன். வாத்தியாராக இருந்தவன், நேரத்துக்கு உத்தரவாதம் தர முடியாது.

உன் திட்டத்தை மூன்று முறை படித்தேன். திருச்சிப் பக்கத்து ஐந்து கல்லூரிகளையும் அங்குள்ள தொழிற்சாலைகளையும் ஓர் ஆராய்ச்சி வலைப்பின்னலாக இணைத்து, புதுப்புதுப் பொருள்களை உருவாக்க வைக்க வேண்டும். அதற்கு நீ ஒருங்கிணைப்பாளர். நல்ல வேலை. படமும் அழகாகத்தான் இருக்கிறது. கல்லூரிகள் நீல வட்டம், தொழிற்சாலைகள் ஆரஞ்சு வட்டம், நடுவே இரண்டு பக்கமும் முனையுள்ள அம்புக்குறிகள். அந்த அம்புக்குறியாக இருபது வருஷம் சம்பளம் வாங்கியவன் நான். அதனால்தான் சொல்கிறேன், அம்புக்குறி வரைவது ரொம்பச் சுலபம்.

எங்கள் கல்லூரியில் 'தொழில் தொடர்பு மையம்' என்று ஒன்று இருந்ததே, நினைவிருக்கிறதா? மையம் என்றால், மூன்றாவது மாடியில் ஓடாத லிஃப்டுக்குப் பக்கத்தில் ஓர் அறை, ஒரு பீரோ, ஒரு நான். வெப்பவியல் பாடம் நடத்திய நேரம் போக மீதி நேரத்தில் கம்பெனிகளோடு எம்.ஓ.யு. போடுவது என் வேலை. கல்லூரியும் கம்பெனியும் கைகோத்து ஆராய்ச்சி செய்யப்போகிறோம் என்று இரு தரப்பும் கையெழுத்துப் போடும் தாள் அது. போட்டதும் ஒரு சால்வை, ஒரு போட்டோ, முந்திரி தூக்கலாக ஒரு மதியச் சாப்பாடு. தாள் பீரோவுக்குள் போய்விடும். வருஷக் கடைசியில் நிர்வாகம் கேட்கும் ஒரே கேள்வி, "இந்த வருஷம் எத்தனை?" என்பதுதான். அதில் என்ன நடந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும் என்னையே கேட்டுக்கொண்டதில்லை.

ஒருமுறை ஒரே கம்பெனியோடு இரண்டு தடவை ஒப்பந்தம் போட்டுவிட்டேன். அதே நிர்வாக இயக்குநர், அதே மேடை, அதே சிரிப்பு. எனக்கும் நினைவில்லை, அவருக்கும் நினைவில்லை. புதுத் தாளை வைக்க பீரோவைத் திறந்தபோதுதான் பழையது கண்ணில் பட்டது. இன்னொரு முறை, குரோம்பேட்டையில் 'ஆராய்ச்சிப் பிரிவு' வைத்திருந்த ஒரு கம்பெனியோடு கையெழுத்தாயிற்று. ஆறு மாதம் ஒன்றும் நடக்காததால் நேரில் போய்ப் பார்த்தேன். ஒரு வீட்டு மாடியில், அறை முழுக்கக் குளியலறை வாசனை வில்லைகள். அந்த மனிதர் என்னைப் பார்த்ததும் மலர்ந்துபோய், "வாங்க சார், ஹாஸ்டலுக்கு எத்தனை டஜன் அனுப்பட்டும்?" என்றார். இருவரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆறு மாதமாக ஆளுக்கொரு விஷயத்துக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறோம். அதற்குள் வீட்டில் சால்வைகள் சேர்ந்துவிட்டன. உன் அம்மா அவற்றை வெட்டி வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், கிரைண்டர் எல்லாவற்றுக்கும் உறை தைத்தாள். ஊரில் என்னை யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை என்றாலும், நம் வீட்டு எந்திரங்கள் எல்லாம் பொன்னாடை போர்த்திக்கொண்டு நின்றன.

உண்மையான தொழில் தொடர்பு எனக்கு மேடையில் வரவில்லை, தண்ணீரில் மிதந்து வந்தது. கமால் பாயைத்தான் சொல்கிறேன். முடிச்சூரில் நம் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி ஷெட் போட்டு ஃபைபர் ஐஸ் பெட்டிகள் செய்துகொண்டிருந்தவர். அத்தனை வருஷமும் நான் கம்பெனி தேடி ஒரகடம் வரை போய் வந்தவன். நாலு தெருவில் ஒரு தொழிற்சாலை இருப்பது எனக்குத் தெரியாது. வெள்ளத்தில் அவருடைய பெட்டிகள் ஷெட்டை விட்டுக் கிளம்பித் தெருத்தெருவாகப் போனபோது, ஒன்று நம் கேட்டில் வந்து முட்டியது. பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த நீ உன் புத்தகங்களை அதற்குள் போட்டு மூடி, மாடிப்படிக் கம்பியில் கட்டிவைத்தாய். தண்ணீர் வடிந்ததும் பாய் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வீடுவீடாக வந்தார். "சார், நம்ம பெட்டி ஒண்ணு இந்தப் பக்கம் வந்துச்சா?" என்று, காணாமல்போன பிள்ளையை விசாரிப்பதுபோலக் கேட்டார். மூடியைத் திறந்து, உன் புத்தகங்கள் ஒரு பக்கம்கூட நனையாமல் இருப்பதைப் பார்த்ததும் முகம் அப்படியே விரிந்தது. "பாத்தீங்களா சார், ஒரு சொட்டு உள்ள போகல! பாப்பா பரீட்சை முடிக்கட்டும், அப்புறமா எடுத்துக்கறேன்" என்று போய்விட்டார். உனக்கே தெரியும், அதன்பின் அவர் நம் வீட்டு ஆள் மாதிரி.

நீ கல்லூரியில் இரண்டாம் வருஷம் இருந்தபோது அவர் ஒருநாள் என் அறைக்கே வந்தார். வடக்கேயிருந்து வரும் பெரிய கம்பெனிப் பெட்டிகள் சந்தையை அடித்துக்கொண்டு போய்விட, எட்டுப் பேர் வேலை செய்யும் ஷெட்டை மூடிவிட்டு மச்சானின் துணிக்கடையில் உட்காருவதா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரம். கோவளத்தில் மீன் விற்கும் பெண்கள் சங்கமாகச் சேர்ந்து ஆளுக்கொரு பெட்டி வாங்கப்போகிறார்கள். ஐஸ் எவ்வளவு நேரம் தாங்கும் என்று யாராவது படித்தவர் எழுதிக் கொடுத்தால் வாங்குவார்கள். "சார், நம்ம காலேஜ்ல ஒரு பேப்பர் மட்டும் குடுத்தீங்கன்னா போதும்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் ஒரு தொழிலதிபர் தானாகப் படியேறி வந்து ஒன்று கேட்பது அதுதான் முதல் தடவை. பெட்டியை ஏ.சி. லேபில் வைத்தேன். ஐஸ் நிரப்பி, மூடி, உள்ளே மூலைக்கு மூலை வெப்பமானி செருகி, லேபையே பூட்டிவிட்டு வந்தேன். இரண்டு நாள் கழித்துத் திறந்தபோது பாதிக்கு மேல் ஐஸ் அப்படியே இருந்தது. 'நாற்பத்தெட்டு மணி நேரம் தாங்கும்' என்று கல்லூரித் தாளில் எழுதி, வாலைச் சுழித்து என் கையெழுத்தைப் போட்டேன். பாய் அதை ஸ்டிக்கராக அடித்து ஒவ்வொரு பெட்டியிலும் ஒட்டினார். அவர் ஷெட்டுக்கு வந்ததிலேயே பெரிய ஆர்டர் அது. என் பெயர் கோவளம் கடற்கரை முழுக்க வெயிலில் பளபளத்தது.

அடுத்த மாதம் எங்கள் கல்லூரியில் கருத்தரங்கு. தலைப்பு, 'பல்கலைக்கழகமும் தொழிலும்: புதுமைக்கான ஆராய்ச்சி வலைப்பின்னல்'. ஒரு பெரிய கம்பெனியின் ஆராய்ச்சித் தலைவர் சிறப்பு விருந்தினர். மேடையில் நான், பின்னால் திரையில் உன்னுடையதைப் போலவே ஒரு படம். அன்றைக்கு எனக்குப் பச்சை வட்டம். இந்தப் பக்கம், மதியச் சாப்பாட்டுக்கு ஐஸ்கிரீம் வரும், உடனே உள்ளே விடு என்று வாட்ச்மேனிடம் சொல்லிவைத்திருந்தோம். பன்னிரண்டு மணிக்கு ஒரு குட்டியானை வண்டி வந்தது. உள்ளே ஓர் ஐஸ் பெட்டி, கூடவே மூன்று பெண்கள். வாட்ச்மேன் சல்யூட் அடித்து, வழி காட்டி, ஒரு பக்கம் பிடித்துத் தூக்கியும் கொடுத்திருக்கிறார். கதவு திறந்தது. பெட்டியை நடு வழியில் இறக்கிவைத்துவிட்டு, முன்னால் நின்ற பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "இந்த ஸ்டிக்கர்ல கையெழுத்து போட்ட புரொபசர் யாரு?"

அவள்தான் லூர்து மேரி. கோவளம் மீன் விற்கும் பெண்கள் சங்கத்தின் தலைவி. நான் மைக்கில், "நான்தான்மா, என்ன விஷயம்?" என்றேன். என் குரல் நான்கு ஸ்பீக்கரிலும் கேட்டது.

"நாப்பத்தெட்டு மணி நேரம்னு எய்திக்கினு கீறியே சார். காலீல ஆறு மணிக்குப் போட்ட ஐஸு இது. இப்ப மணி இன்னா? எங்க கீது ஐஸு? நீ படிச்சவன், நீயே கண்டுபுடிச்சிக் குடு" என்று மூடியைத் திறந்தாள். உள்ளே வெதுவெதுவென்று தண்ணீர், அதில் கானாங்கெளுத்தி மிதந்துகொண்டிருந்தது. வாசனை முதல் வரிசையைத் தாண்டி, இரண்டாம் வரிசையைத் தாண்டி, சிறப்பு விருந்தினரின் பூங்கொத்தையும் தாண்டி மேடைக்கு வந்து சேர்ந்தது.

அந்த இடத்தில் நான் ஒன்று செய்தேன், நித்யா. அதை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது. அவளைக் குற்றம் சொன்னேன். "நீங்க மூடியை ஒழுங்கா மூடியிருக்க மாட்டீங்கம்மா. எங்க லேப்ல வச்சப்போ நல்லாத் தாங்குச்சே" என்றேன்.

"லேப்ல யாரு சார் மீன் வாங்க வந்தாங்க?" என்றாள் லூர்து மேரி.

மாணவர்கள் சிரித்தார்கள். ஆசிரியர்கள் சிரித்தார்கள். சிறப்பு விருந்தினர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்தனை வருஷத்தில் அந்த அரங்கில் கேட்கப்பட்ட ஒரே உருப்படியான ஆராய்ச்சிக் கேள்வி அதுதான். அப்போது எனக்கு அது புரியவில்லை. செக்யூரிட்டியைக் கூப்பிட்டு அவர்களை வெளியே அனுப்பச் சொன்னேன்.

சாயங்காலம் தாளாளர் கூப்பிட்டார். கோபப்படவில்லை, காபி வரவழைத்தார். "சார், ஒண்ணும் கவலைப்படாதீங்க. ஸ்டிக்கர்ல இருக்கறது என் கையெழுத்து இல்ல, அந்த ஆள் பர்மிஷன் இல்லாம அச்சடிச்சுட்டார்னு ஒரு லெட்டர் குடுத்துடுங்க. மத்ததை லாயர் பார்த்துப்பார்" என்றார். நான் மறுத்துப் பேசினேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. நான் காபியைக் குடித்தேன்.

வீட்டுக்கு வந்து அந்தக் கடிதத்தைக் கையால் எழுதி, டைப் அடித்துத் தரச் சொல்லி உன்னிடம்தான் கொடுத்தேன். எனக்கு இரண்டு விரல் டைப்பிங் என்பது சாக்கு. என் கையால் அதை இரண்டாம் தடவை எழுத முடியவில்லை என்பதுதான் நிஜம். நீ பாதியில் நிறுத்தி, "அப்பா, 'இது என் கையொப்பம் அல்ல'ன்னு இருக்கு. உங்களோடதுதானே? அந்த வாலை இப்படிச் சுழிக்கறது நீங்க மட்டும்தானே?" என்று கேட்டாய். "அது அச்சடிச்சதும்மா. அச்சு என்னோடது இல்லையே" என்றேன். நீ என்னைப் பார்த்தாய். கோபமாகப் பார்த்திருந்தால் திட்டியிருப்பேன், தப்பித்திருப்பேன். கணக்கு எங்கே தப்பாகிறது என்று பார்ப்பதுபோலப் பார்த்தாய். அப்புறம் முழுக்க அடித்து, பிரிண்ட் எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, "ஸ்பெல்லிங் மிஸ்டேக் எதுவும் இல்லப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாய்.

காலையில் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன். கையெழுத்து இன்னும் போடவில்லை. கல்லூரிக்குத்தான் கிளம்பினேன், ஆனால் வண்டி பாயின் ஷெட் வாசலில் போய் நின்றது. உள்ளே, கோவளத்திலிருந்து திரும்பி வந்த பெட்டிகள் கூரை முட்ட அடுக்கியிருந்தன. எட்டுப் பேரும் தரையில் உட்கார்ந்து பிளேடால் ஸ்டிக்கர்களைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். பாய் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். "வாங்க சார், டீ சொல்லட்டா? உங்க பேர் இருக்கறதை எல்லாம் எடுத்துடச் சொல்லிட்டேன். காலேஜ்ல உங்களுக்கு ஒரு தலைவலியும் வரக் கூடாது. பேப்பர் வேணும்னு கேட்டது நான்தானே சார். தப்பு என் மேலதான்" என்றார். நான் மாட்டிவிட இருந்த மனிதர், என்னைக் காப்பாற்ற விடிகாலையிலிருந்து சுரண்டிக்கொண்டிருக்கிறார்.

அந்தக் கடிதம் என்ன ஆனது என்று நீ ஒருநாளும் என்னிடம் கேட்கவில்லை. இப்போது சொல்கிறேன். பசை ஒட்டிய பிளேடைத் துடைக்க யாரோ ஒரு தாள் கேட்டார்கள். நான் கொடுத்தேன். நல்ல கனமான தாள், நாலு பிளேடு துடைத்தார்கள்.

அப்புறம், "பாய், நாளைக்குக் கோவளம் போலாமா?" என்றேன்.

"எதுக்கு சார், அடி வாங்கவா?"

"ஆமாம்" என்றேன்.

கோவளத்துக்கு நீயும் வந்தாய், ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். ஆனால் உன் பக்கத்திலிருந்து பார்த்ததும் என் பக்கத்திலிருந்து பார்த்ததும் ஒன்றில்லை. வண்டலூர்–கேளம்பாக்கம் ரோடு முழுக்க நான் மனத்துக்குள் மன்னிப்பு உரை தயாரித்துக்கொண்டே வந்தேன். அங்கே போனால், லூர்து மேரிக்கு உரை கேட்க நேரமில்லை. படகுகள் வந்துவிட்டன, வியாபாரம் சூடு பிடித்துவிட்டது. "வந்துட்டியா சார்? ஓரமா நில்லு, கஸ்டமர மறைக்காத" என்று மட்டும் சொன்னாள். ஓரமாக நின்றோம். மற்றவர்கள் திருப்பி அனுப்பிவிட்டாலும் அவள் மட்டும் நம் பெட்டியை இன்னும் வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். மூடியைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் நீ நோட்டில் ஒரு கோடு போட்டாய். பத்து மணிக்குள் பக்கம் தீர்ந்து அட்டையில் போட ஆரம்பித்தாய். தண்ணீர் வடியும் துளைக்கு நாங்கள் கொடுத்த ரப்பர் தக்கை எங்கே என்று பாய் கேட்டார். "அதுவா? அது மொத நாளே கடலுக்குப் பூச்சு" என்றாள். துளையில் பழைய துணி செருகியிருந்தது.

கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் லூர்து மேரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்பாடா" என்று பெட்டிமேல் உட்கார்ந்தாள். மூடி நடுவில் குழிந்தது. நாலு மூலையும் மேலே எழும்பின. விரல் நுழையும் அளவு இடைவெளி. நான் குனிந்து கையை வைத்துப் பார்த்தேன், ஏ.சி. பஸ் ஜன்னலில் வருவதுபோல ஜில்லென்று காற்று. நாற்பத்தெட்டு மணி நேரமும் அந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"அக்கா, இது மேல உக்காரக் கூடாது" என்றேன்.

"பின்ன உன் மடியிலயா உக்கார்றது?" என்றாள்.

பாய் அவசரமாகக் கடலைப் பார்த்தார். நீ நோட்டால் முகத்தை மூடிக்கொண்டாய். அவள் நிறுத்தவில்லை. "மணல் கொதிக்குது சார். ஸ்டூல் தூக்கினு வரலாம்னா, பஸ்ல பொட்டிக்கே கண்டக்டர் பேஜார் பண்றான். காலீல நாலு மணிலேர்ந்து நின்னுகினு கீறோம். உக்கார ஒரே எடம் இதான்" என்றாள். நான் ஆராய்ச்சிக்கூடத்தில் சோதித்தது யாரும் திறக்காத, யாரும் உட்காராத ஒரு பெட்டி. அந்தப் பெட்டியை உலகத்தில் ஒருவரும் வாங்குவதில்லை.

அங்கிருந்து வலைப்பின்னல் எப்படி உண்டாயிற்று என்று சொல்கிறேன். அது உன் படத்தில் இருப்பதுபோல நேர்க்கோட்டில் போகவில்லை. எனக்கு வெப்பம் தெரியும், ஆள் பாரம் தாங்கும் மூடி செய்யத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் பக்கத்துக் கல்லூரிப் பேராசிரியர் சந்தானம். அவரோடு நான் ஒன்பது வருஷமாகப் பேசவில்லை. ஒரு மாநாட்டில் எழுந்து நின்று, என் கட்டுரையில் ஓர் அளவு தப்பு என்று எல்லோர் முன்னிலும் சொல்லிவிட்டார். தப்புதான். அதனால்தான் பேசவில்லை. போன் செய்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அளவெல்லாம் இந்தத் தடவை சரியா இருக்கா சார்?" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு, "நீங்களே வந்து பாருங்க" என்றேன். சனிக்கிழமை வந்தார். அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தார். பாயின் ஷெட்டில் கவிழ்த்துப்போட்ட பெட்டிகள்மேல் உட்கார்ந்து சண்டை போட்டோம். சந்தானம் மேம்பாலத்துக்குப் போடுவதுபோல மூடிக்குள் குறுக்குச் சட்டங்கள் வரைந்தார். "சார், இதை அச்சுலேர்ந்து எடுக்கவே முடியாது, உடைச்சுத்தான் எடுக்கணும்" என்று பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். லூர்து மேரி போனில், கத்தி வைக்க ஒரு காடியும் செல்போன் வைக்க ஒரு குழியும் வேண்டும் என்றாள். அது ஆராய்ச்சிக்குச் சம்பந்தமில்லாதது என்று நானும் சந்தானமும் ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரே குரலில் சொன்னோம். காடியும் குழியும் வந்தன.

கடைசியில் மூடி இரண்டு துண்டாயிற்று. முன்னால் கை நுழையும் அளவுக்குச் சின்னக் கதவு. பின்பகுதி உள்ளே சட்டம் வைத்து, உட்காரத் தோதாகக் கொஞ்சம் குழிந்து, நிலையாக மூடியே இருக்கும். தக்கையைக் கயிற்றால் பெட்டியோடு கட்டிவிட்டோம். சோதனை நாளன்று லூர்து மேரி தன் நாத்தனார் ஆரோக்கியத்தைக் கூட்டிவந்தாள். "எங்க வூட்லயே வெயிட்டான ஆளு இதான் சார்" என்று அறிமுகப்படுத்தினாள். ஆரோக்கியம் உட்கார்ந்தாள். நானும் சந்தானமும் இந்தப் பக்கம் ஒரு மூலை, அந்தப் பக்கம் ஒரு மூலை என்று மண்டியிட்டு, டார்ச் அடித்து இடைவெளி தேடினோம். "இன்னா சார் இது, ரெண்டு பெரிய மனுசனுங்க எம் பின்னாலயே சுத்திகினு கீறீங்க?" என்று ஆரோக்கியம் அதட்டினாள். சந்தானம் டார்ச்சைத் தன் முகத்திலேயே அடித்துக்கொண்டார். இடைவெளி இல்லை. மறுநாள் விடிந்து பார்த்தபோதும் உள்ளே ஐஸ் இருந்தது.

நாற்பத்தெட்டு மணி நேரம் தாங்கவில்லை. ஆகவே புதுச் சான்றிதழை இப்படி எழுதினேன்: 'வெயிலில் வைத்து, மேலே ஆள் உட்கார்ந்து, திறந்து திறந்து விற்றால், மறுநாள் காலை வரை தாங்கும்.' லூர்து மேரி என்னை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். "இது கரீட்டு. இப்ப போடு கையெழுத்து" என்றாள். கல்லூரித் தாளில் எழுத அனுமதி கிடைக்கவில்லை. வெள்ளைத்தாளில்தான் எழுதினேன்.

தாளாளரிடம் அந்த லெட்டர் தர முடியாது என்று சொன்னேன். அவர் அதற்கும் கோபப்படவில்லை. மையத்தை வேறு ஓர் இளைஞரிடம் கொடுத்துவிட்டார். அவர் என்னைவிட வேகமாகக் கையெழுத்து வாங்கினார் என்று கேள்வி. அந்த பீரோ சாவியைக் கொடுத்த அன்று எனக்கு வருத்தமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. பழகிவிட்டேன் அல்லவா. ஆனால் பாயின் ஷெட் மூடப்படவில்லை. சுரண்டிய பெட்டிகளுக்கெல்லாம் புது மூடி போட்டுத் திருப்பி அனுப்பினார். நான் ஓய்வு பெற்ற பிறகும் சனிக்கிழமை கூட்டம் நிற்கவில்லை. ஐஸ் ஃபேக்டரிக்காரர் ஒருவர் வந்து சேர்ந்தார், சந்தானத்தின் மாணவர்கள் வந்தார்கள், படகு எஞ்சின் மெக்கானிக் ஒருவர் எதற்கு வருகிறார் என்றே தெரியாமல் ஒரு வருஷம் வந்து, பிறகு மிக முக்கியமான ஆளாகிவிட்டார்.

எல்லாம் வெற்றி என்று நினைத்துவிடாதே. பம்மல் பூ வியாபாரி ஒருவருக்குக் குளிர்ப்பெட்டி செய்தோம், மல்லிகை மொத்தமும் கறுத்துப்போயிற்று. அவர் இன்றும் என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவார். அந்த மூடி யாருக்குச் சொந்தம் என்பதிலும் கோட்டை விட்டோம். எங்கள் கல்லூரி தனக்கு என்றது, சந்தானத்தின் கல்லூரி தனக்கு என்றது. கோப்பு இரண்டுக்கும் நடுவே போய் வந்துகொண்டிருந்த காலத்தில், மாமல்லபுரம் தாண்டியும் பெட்டி செய்கிற அத்தனை பேரும் அந்த மூடியைப் பார்த்துச் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். சந்தானம் அழாத குறை. பாய்தான், "விடுங்க சார், கடலோரம் பூராவும் நம்ம மூடிதான்னு நெனச்சுக்கோங்க" என்றார். அவர் பெரிய மனசுக்காரர். உனக்கு அமைகிறவர்கள் எல்லோரும் அப்படி இருக்க மாட்டார்கள். யாருக்கு என்ன சொந்தம் என்பதை, சண்டை வருவதற்கு முன்னால், எல்லோருக்கும் நல்லபடியாகப் பேசத் தோன்றும் முதல் வாரத்திலேயே, படித்தால் புரிகிற தமிழில் ஒரே பக்கத்தில் எழுதிவிடு.

நீ கேட்டது இரண்டு பாயிண்ட். அதுதான் ஒன்று. இன்னொன்று, ஐந்து கல்லூரிக்கும் போவதற்கு முன்னால் ஐந்து ஷெட்டுக்குப் போ. முதலாளியின் அறையில் உட்காராதே, வேலை நடக்கும் இடத்தில் நில். அவர்கள் செய்கிற பொருளைக் கடைசியில் யார் கையில் எடுக்கிறார்களோ அவர்களைத் தேடிப் போய், ஒரு நாள் முழுக்க ஓரமாக நின்று பார். கஸ்டமரை மறைக்காமல் நில். பேராசிரியர்களைக் கூட்டிவருவது அதைவிடக் கஷ்டம். எங்களுக்கு ரோஷம் ஜாஸ்தி. யார் யாரோடு பேசுவதில்லை என்று முதலில் விசாரித்துக்கொள். பெரும்பாலும் உனக்கு வேண்டிய ஆள் அந்தப் பட்டியலில்தான் இருப்பார்.

கடைசியாக ஒன்று சொல்கிறேன், இது பாயிண்ட் கணக்கில் வராது. உன் கையெழுத்துப் போட்ட ஏதோ ஒன்று ஒருநாள் தப்பாகப் போகும். போகாமல் இருக்காது. யாரோ ஒருவர், நாலு பெரிய மனிதர்கள் கூடியிருக்கும் நேரமாகப் பார்த்து, அதைத் தூக்கிக்கொண்டு வந்து உன் முன்னால் வைப்பார். அன்றைக்கு உனக்கும் யாராவது மரியாதையாகக் காபி வாங்கிக் கொடுத்து ஒரு வழி சொல்லித் தருவார்கள். நீ முதலில் எனக்குப் போன் செய்யாதே. தூக்கிக்கொண்டு வந்தாரே, அவருக்குப் போன் செய்து, "எப்ப வந்து பார்க்கலாம்?" என்று கேள். அதற்கப்புறம் எனக்குச் சொல். நான் புத்தி சொல்ல மாட்டேன், அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்து உன் பக்கத்தில் நிற்கிறேன். தயவுசெய்து அது தீபாவளிக்கு முந்தின நாளாக மட்டும் இல்லாமல் பார்த்துக்கொள். ஊருக்குப் போகும் அன்றைய நெரிசலில் நான் பெருங்களத்தூரைத் தாண்டுவதற்குள் நீயே எல்லாவற்றையும் சரி செய்து முடித்திருப்பாய்.

உன் அப்பா